கொட்டகை வாடகையும் ஏர்வாடியும்

வீட்டுப் பின்கட்டில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுவதை நாம் குற்றமென்று சொல்லோம். யாத்திரிகர் திரளும் ஏர்வாடி தர்காவைச் சுற்றிலும் தங்குமிடம் வேண்டும். தருபவர் பணம் பெறுவதும் நியாயமே. ஆனால், இடம் தகாவிடில் குடியிருப்பவன் வெளியேறலாம் என்பதன்றோ வாடகைத் தொழிலுக்குக் கடிவாளம்? வெளியேறவே இயலாதவனைக் குடிவைத்தால் அக்கடிவாளம் எங்கே?

சித்தம் கலங்கியோரைக் குணம் நாடி அங்கு அழைத்து வந்த குடும்பத்தார் பலர், காப்பகங்களில் விட்டு ஊர் திரும்பினர். பணம் கொடுப்பவர் தூரத்தில், படுத்திருப்பவர் சங்கிலியில். ஆகவே ஓலைக் கொட்டகையே போதுமென்றாயிற்று. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா காப்பகம் தீப்பற்றியது. கட்டுண்டு கிடந்தோரில் 28 பேர் மாண்டனர். 1987-ஆம் வருஷத்துச் சட்டம் லைசென்ஸ் வேண்டுமென்றிருந்தும், அக்காப்பகங்கள் அஃதின்றியே நடந்தன. உயிர்கள் போன பிறகே சர்க்கார் அவற்றை மூடி, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது.

2017-ஆம் வருஷத்துச் சட்டம் சங்கிலியை அறவே விலக்கிற்று. பதிவின்றிக் காப்பகம் நடத்துவோர்க்குத் தண்டமும் விதித்தது. ஆயினும், ஏட்டிலுள்ள சட்டம் தானே காவல் செய்யாது. வைத்தியமும் தங்குமிடமும் அருகிலேயே கிடைக்குமாயின், கொட்டகைக்காரரை நாடுவார் யார்? அதைச் செய்வது சர்க்காரின் கடன். தம் ஊர்க் காப்பகத்தின் பதிவுப் பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது தேசத்தொண்டர் ஒவ்வொருவரின் கடன். கேளாதிருப்போமாயின், அடுத்த தீக்கு நாமும் பொறுப்பாளிகளே.