செலவில்லாத ஒழுங்கு

குசினியைச் சீர்செய்யப் புதிய அலுமாரி வேண்டுமென எண்ணிப் பலர் அக்காரியத்தையே தள்ளிப்போடுகின்றனர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடுகள் பலவற்றில் அதற்கு இடமுமில்லை, கையிற் பணமுமில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. முந்திய ஆண்டு 100 ரூபாவுக்குக் கிடைத்த உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க நேர்ந்தது. அவ்வாண்டில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு: கண்ணிற் படாத பண்டம் கெடுகிறது; அதையே மீண்டும் வாங்குகிறோம்.

ஆகவே, முதலில் யாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். மறந்துபோன பருப்பும் கடுகும் வெளிவரும். வெறும் ஜாம் போத்தல்களைக் கழுவி, நன்கு உலர்த்தி, பண்டங்களை நிரப்பி, வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையது முன்னே, புதியது பின்னே இருக்கட்டும். அன்றாடம் வேண்டியவை கைக்கெட்டும் உயரத்திலும், பாரமானவை கீழ்த்தட்டிலும் இருத்தல் நன்று. கடற்காற்றில் உப்புக் கசியும்; அதனுள் சில அரிசிமணிகளைப் போடுங்கள். தூள்வகைகளை அடுப்பருகில் வையாதீர்கள். வெப்பம் மணத்தைப் போக்கிவிடும்.

கடைக்குப் புறப்படுமுன் போத்தல்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். மாணவர்களே, அவ்வேலை உங்களுடையதாகட்டும். தாய்க்கு மட்டுமே தெரிந்த குசினியில் தாய் மட்டுமே உழைப்பாள். எல்லோருக்கும் தெரிந்த குசினியில் எல்லோரும் கைகொடுக்கலாம்.