விமானம் டவுன் பஸ் ஆகிவிட்டதாம்!

"இது ஃப்ளைட்டா, டவுன் பஸ்ஸா?"

சென்ற மாதம் சென்னையிலிருந்து டெல்லி போன விமானத்தில் இந்தக் கேள்வியை எங்கள் காதாலேயே கேட்டோம். கேட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் ஹெட்போன், மடியில் லேப்டாப். பக்கத்து நடு இருக்கையில் துணிப்பையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

அந்த அம்மா எங்களோடு வந்தவர். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சேரி. பஞ்சமி நிலத்தை மீட்க மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக டெல்லியில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் கைக்கு வந்தபோது நான்கு நாள்தான் பாக்கி. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் இருநூறைத் தாண்டி நின்றது. நண்பர்களிடம் கேட்டு, கைக்காசையும் போட்டு மூன்று விமான டிக்கெட் எடுத்தோம். டிக்கெட் எடுக்கும்போதே இருக்கைக்குத் தனியாகக் காசு கேட்டது. ஆளுக்கு நானூறுக்கு மேல். வேண்டாம் என்று விட்டோம். கணினி எங்களை ஆளுக்கொரு மூலையில் போட்டது. வாழ்க்கையில் முதல்முறை விமானம் ஏறிய அந்த அம்மாவுக்கு 24பி. எங்களில் ஒருவர் இரண்டு வரிசை தள்ளி, இன்னொருவர் கழிப்பறைக்கு முந்தைய வரிசையில்.

பையை முன் இருக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னார் பணிப்பெண். முதலில் இந்தியில், பிறகு ஆங்கிலத்தில். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. கை ஜாடையில் புரிந்ததும் மறுத்துவிட்டார். பைக்குள் அ-பதிவேட்டு நகல், பழைய பட்டா, முப்பது வருட மனுக்களின் ரசீதுகள் இருந்தன. நிலத்துக் காகிதத்தைக் காலடியில் வைப்பதா? அப்போதுதான் டவுன் பஸ் கேள்வி விழுந்தது. நாங்கள் எழுந்துபோய்ப் பையை வாங்கி மேலே வைத்தோம். விமானம் மேலே ஏறிய பிறகு அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாற்றக் கேட்டார். முன்வரிசையில் கால் நீட்டி உட்காரும் இருக்கை காலியாக இருக்கிறது, ஆனால் தனிக் கட்டணம் என்றார் பணிப்பெண். கார்டை எடுத்து நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் தம்பி?" என்று டெல்லியில் இறங்கும்வரை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரின் சாதி எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் சாதியும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியவும் தேவையில்லை. தலையில் எண்ணெய், கசங்கிய சேலை, இலையில் கட்டிய சோறு, தெரியாத மொழி. இதையெல்லாம் வைத்து ஆளை எடைபோடும் பயிற்சி இந்தச் சமூகத்தில் குழந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. புளிச்சோற்றுக்கே இந்தப் பாடு. கருவாடாக இருந்திருந்தால்? 2017இல் ஏர் இந்தியா, உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் அசைவ உணவையே நிறுத்தியது. காசு மிச்சம், உணவு வீணாவது குறையும் என்று காரணம் சொன்னது. பிசினஸ் வகுப்பில் மட்டும் அசைவம் தொடர்ந்தது. சிக்கனத்துக்கும் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது!

"முன்பெல்லாம் விமானப் பயணம் எவ்வளவு நாகரிகமாக இருந்தது, இப்போது கண்டவர்களும் ஏறுகிறார்கள்" என்ற புலம்பல் இன்று எல்லா இடத்திலும் கேட்கிறது. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நிற்கிறார்களாம். சத்தமாகப் பேசுகிறார்களாம். வசதி குறைந்ததற்கும் மரியாதை குறைந்ததற்கும் காரணம் ஒன்றுதான், புதிதாக வந்தவர்கள் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதற்கு முன் ஒரு கேள்வி. முழங்கால் முன் இருக்கையில் இடிக்கிறதே, அந்த இருக்கையை நெருக்கிப் போட்டது யார்? திருச்சியிலிருந்து ஷார்ஜா போகும் கொத்தனாரா?

கணக்கைப் பாருங்கள். ஓர் இருக்கையின் முதுகிலிருந்து அடுத்த இருக்கையின் முதுகு வரை உள்ள தூரத்தை விமானத் தொழிலில் 'பிட்ச்' என்பார்கள். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கிய காலத்தில் சாதாரண வகுப்பில் இது சுமார் 35 அங்குலம். இப்போது 31 என்பது தாராளம். மலிவு விமானங்களில் 28, 29 என்று இறங்கிவிட்டது. ஏர்பஸ் ஏ320 நியோ விமானத்தை இரண்டு வகுப்பாக அமைத்தால் 160 பேர் சொச்சம் உட்காரலாம். அதே உடம்புக்குள் இண்டிகோ 186 இருக்கைகளை வைக்கிறது. குழாய் நீளவில்லை, அகலவில்லை. மனிதர்களைத்தான் மடித்திருக்கிறார்கள்.

2017 ஜூலையில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்தச் சுருங்கும் இருக்கை வழக்கை விசாரித்து, பயணிகளின் மனுவை மறுபடியும் பரிசீலிக்கும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. இருக்கை சுருங்கினால் ஆபத்து நேரத்தில் வெளியேற முடியுமா என்பதுதான் கேள்வி. மறு ஆண்டே, குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கச் சொல்லிச் சட்டமும் வந்தது. சட்டம் சொன்ன ஓராண்டுக் கெடு முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் அளவு வரவில்லை.

இதில் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. முன்னால் இருப்பவருக்குச் சாய்ந்துகொள்ளும் உரிமையை விற்கிறார்கள். பின்னால் இருப்பவருக்கு முழங்கால் வைக்கும் உரிமையை விற்கிறார்கள். இரண்டும் ஒரே நான்கு அங்குலம்தான். ஒரே வீட்டை இரண்டு பேருக்குப் பத்திரம் செய்து கொடுத்தவனை விட்டுவிட்டு, வாங்கிய இரண்டு பேரும் ஒருவரையொருவர் "மேனர்ஸ் இல்லாதவன்" என்று திட்டிக்கொள்கிறார்கள்.

சமூகவியல் படிக்கும் தோழர்கள் ஓர் ஆய்வைத் தேடிப் படியுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் டிசெல்ஸும் ஹார்வர்டின் மைக்கேல் நார்டனும் 2016இல் வெளியிட்டது. விமானத்துக்குள் நடக்கும் ஆத்திரச் சம்பவங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முதல் வகுப்பு இருக்கும் விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணி தகராறு செய்யும் வாய்ப்பு, அது இல்லாத விமானத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. எல்லோரும் முதல் வகுப்பைத் தாண்டி நடந்து போகும்படி வாசல் இருந்தால் இன்னும் கூடுகிறது. அப்படி நடக்கவிடும் விமானங்களில் முதல் வகுப்பில் இருப்பவர்களின் தகராறும் கூடுகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஏற்றத்தாழ்வைக் கண்முன் நிறுத்தினால் கீழே இருப்பவனுக்கு ஆத்திரம் வருகிறது, மேலே இருப்பவனுக்குத் திமிர் வருகிறது. அந்தக் கணக்குமுறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் ஊர்த்தெரு வழியாக நடந்து சேரிக்குப் போனவர்களுக்கு இந்த முடிவு புதுச் செய்தி அல்ல.

சரி, வானத்தில் பெரிய அநாகரிகங்களைச் செய்தவர்கள் யார்? 2017 மார்ச்சில் புனேயிலிருந்து டெல்லி வந்த விமானத்தில் பிசினஸ் வகுப்பு இல்லை என்பதற்காக, சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட் ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்தார். இருபத்தைந்து முறை அடித்தேன் என்று பெருமையாகவும் சொன்னார். அடுத்த மாதமே சிம்லாவில் உடான் திட்ட விமானத்தைத் தொடங்கிவைத்த பிரதமர், ஹவாய் செருப்பு போட்டவர்களும் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்க வைக்கப்பட்டவர்கள் நாம். செருப்போடு வந்தால் விமானத்தின் மரியாதை போய்விடும் என்று நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். செருப்பைக் கழற்றி அடித்தவரோ சட்டம் இயற்றும் அவையில் உட்கார்ந்திருந்தவர். தகராறு செய்யும் பயணிகளுக்குத் தடைப்பட்டியல் போடும் விதிகள் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த விமானத்தில் குடிபோதையில் சக பயணியான முதிய பெண் மீது சிறுநீர் கழித்தார் என்று ஒருவர் மீது புகார் எழுந்ததே, அது நடந்ததும் பிசினஸ் வகுப்பில்தான். அதற்காக அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அடுத்த மாதம் இஸ்தான்புல்லிலிருந்து வந்த இண்டிகோ விமானத்தில் சாப்பாட்டுத் தகராறில் ஒரு பயணி பணிப்பெண்ணை வேலைக்காரி என்றார். நான் ஊழியர், உங்கள் வேலைக்காரி இல்லை என்று அந்தப் பெண் திருப்பிச் சொன்ன காணொலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தனி டம்ளர் வைத்து வேலைக்காரப் பெண்ணை நடத்தும் பழக்கம் முப்பதாயிரம் அடி உயரத்திலும் கூடவே வருகிறது. தன் தட்டைத் தானே கழுவிப் பழகிய எங்கள் அம்மா, இறங்கும்போது பொட்டலக் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார், யாரோ பெருக்க வேண்டியிருக்கும் என்று. ஒரு விமானம் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் கிடைக்கும் அரைமணி நேரத்தில், இருக்கைக்கும் கழிப்பறைக்கும் ஓடி ஓடிச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்று நாகரிகம் பேசும் யாராவது கேட்டிருக்கிறார்களா?

'டவுன் பஸ்' என்பது அவர்களுக்கு வசவு. நமக்கு அது வரலாறு. 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் உடன் வந்த பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ள மாட்டு வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகச் சம்மதித்த பிறகுதான் வண்டி கிடைத்தது. ராமநாதபுரம் பக்கம் தனியார் பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த காலத்தில், ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் உத்தரவு போட்டுத்தான் ஏற்ற வைத்தார். 1997இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. (மதுரை விமான நிலையத்துக்குத் தேவர் பெயரா, தியாகி இமானுவேல் சேகரன் பெயரா என்ற சண்டையையும் இங்கேயே நினைத்துக்கொள்ளுங்கள்.) தோளோடு தோள் இடித்து உட்கார வைத்ததுதான் டவுன் பஸ் செய்த பெரிய காரியம். அந்த இடிபாடு பிடிக்காதவர்கள் காரில் போனார்கள், ஏசி பெட்டியில் போனார்கள், விமானத்தில் போனார்கள். இப்போது அங்கேயும் நாம் வந்து நிற்கிறோம். மசூரில் தீண்டாமைக்கு நாம் இரட்டைக் கூலி கட்டினோம். 24பிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போக அந்த மனிதர் கட்டினார். இரண்டு தடவையும் ஒருவர் வசூலித்திருக்கிறார்.

வளைகுடாவுக்குப் போகும் நம் ஆட்களை இந்த நாடு எப்படி நடத்தியது என்பதும் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடுவோம் என்று 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்தது. கேரளம் முதலில் கொதித்தது. மாதம் முடிவதற்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். தூரத்திலிருந்தே ஆளைப் பிரித்துக் காட்ட ஒரு நிறம்! இவர்கள்தான் வரிசையில் நிற்கத் தெரியாதவன் என்று நம்மைச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் பேசிவிடுவோம். ஸ்பீக்கரில் வீடியோ பார்ப்பது தவறு. வரிசையில் முண்டுவது தவறு. நம் தோழர்களும் செய்கிறார்கள், நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் முண்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பொறுமையாக நின்றால் ரேஷனும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது என்று வாழ்ந்தவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். துண்டு போட்டால் அநாகரிகம், நானூறு ரூபாய் போட்டு அதே இடத்தைப் பிடித்தால் 'சீட் செலக்‌ஷன்'. முன்னுரிமை வரிசை என்று பலகை வைத்துக் காசு வாங்கினால் முண்டுவதும் சேவையாகிவிடுகிறது.

பெல்ட் போடு, எழாதே, போனை அணை என்று தமிழ்நாட்டில் ஏறும் பயணிக்குத் தமிழில் சொல்லாமல், அவர் கேட்கவில்லை என்று சலித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? பாதுகாப்பு அறிவிப்பு உயிர் சம்பந்தப்பட்டது. விமானி சில நேரம் தமிழில் வணக்கம் சொன்னால் அது செய்தியாகிறது, காணொலியாகிறது. செய்தியாகிறது என்பதே வெட்கக்கேடு. ஆகவே கேட்கிறோம்: தமிழகத்திலிருந்து கிளம்பும், தமிழகத்துக்கு வரும் எல்லா விமானத்திலும் பாதுகாப்பு அறிவிப்பு தமிழில் வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டதே, அதே உரிமை முதியவர்களுக்கும் எழுத்தறியாதவர்களுக்கும் காசில்லாமல் வேண்டும். மனித முழங்காலுக்கு ஏற்ற குறைந்தபட்ச இடைவெளியைச் சட்டத்தில் எழுதி, அதை அமல்படுத்தவும் வேண்டும். கல்லூரித் தோழர்கள் இதை மனுவாக எழுதுங்கள். மனு எழுதுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

விசாரணை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. எதிர்த்தரப்பு வரவில்லை. அடுத்த மாதத்துக்கு வாய்தா. திரும்பும்போது மூன்று இருக்கைக்கும் சேர்த்துக் காசு கட்டினோம். எந்தத் தலைப்பில் இந்தச் செலவை எழுதுவது என்று எங்கள் கணக்குப் பார்க்கும் தோழர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்னையில் இறங்கி ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டபோது அம்மா பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த மாசமும் ஏரோப்ளேன்லதானா தம்பி? அப்போ நான் ஜன்னல் ஓரம்."