பிள்ளை படிக்க அப்பாவின் போன் வீடு திரும்ப வேண்டுமா? கருவி பள்ளிக்குச் சொந்தமாகட்டும்!



உங்களிடம் இரண்டு கேள்வி. உங்க வீட்டில் எத்தனை ஸ்மார்ட்போன் இருக்கு? அதில் எத்தனை போன் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கு?

முதல் கேள்வியைக் கணக்கெடுக்க வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளின் படிப்பு தொங்கிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு தொழிலாளியின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதியமே கம்பெனி பஸ்ஸில் அவரோடு போனும் கிளம்பிவிடுகிறது. ராத்திரி அவர் வந்து சேரும்போது பிள்ளை தூங்கிவிடும். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பட்டன் போன். இந்த வீட்டுப் பிள்ளைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஆறரை மணிக்கு வீட்டுப்பாடம் வந்து விழுந்தால், அதை யார் பார்ப்பது? மறுநாள் வகுப்பில் "ஏன் எழுதல?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

இது நாம் மட்டும் சொல்லும் குறை இல்லை. கிராமப்புறக் கல்வி நிலை பற்றிய அசர் அறிக்கை 2021இல் சொன்னது இது: நாடு முழுவதும் 67.6 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அப்படிப் போன் இருந்த வீடுகளிலேயே நாலில் ஒரு பிள்ளைக்கு அதைத் தொடும் வாய்ப்பு இல்லை. வீட்டில் இருப்பது வேறு, பிள்ளை கையில் கிடைப்பது வேறு. கிடைத்தாலும் முதலில் அண்ணனுக்கு, மிச்சம் இருந்தால்தான் தங்கைக்கு. இதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இதை வைத்து "போனே வேண்டாம், கம்ப்யூட்டரே வேண்டாம்" என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை டேப்லெட்டில் படிக்கும்போது தொழிலாளி வீட்டுப் பிள்ளை மட்டும் சாக்பீஸோடு நிற்கட்டும் என்பது சமூகநீதி ஆகாது. நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று: படிப்புக்குக் கருவி தேவை என்றால், அந்தக் கருவி பள்ளிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வகுப்பறையில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, எல்லாப் பிள்ளைக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். பெற்றோரின் சம்பளமும் ஷிஃப்டும் பிள்ளையின் பாடத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

நம்ம மாவட்டத்தின் கதையையே பாருங்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது எங்கே? நம்ம திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில். அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அது கைகொடுத்தது. கொரோனா காலத்தோடு அது நின்றுபோனது. பிறகு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு என்று மறுபடி அறிவிப்பு வந்தது.

2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது எங்கே? அதுவும் நம்ம மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பிழையில்லாமல் படிக்கணும், அடிப்படைக் கணக்குப் போடணும் என்பது அதன் இலக்கு.

எது யார் ஆட்சியில் வந்தது என்ற சண்டைக்கு இந்தப் பதிவில் இடமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேப்டாப் பிள்ளை கைக்கு வந்தது பிளஸ் டூ கட்டத்தில். வாசிக்கத் தெரியாமல் பிள்ளை பின்தங்குவதோ மூன்றாம் வகுப்பில். இடையில் இருக்கும் அந்த ஒன்பது வருஷம் யாருடைய பொறுப்பு?

கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடுமா? உலகம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 'பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' என்று எட்டரை லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. பெட்டி வந்தது, பாடம் நடத்தும் முறை மாறவில்லை. அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் 2015இல் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் ஆறு நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரு மையத்துக்கு வரவைத்தார்கள். பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் சிறு குழுவாக உட்கார்ந்து ஓர் உதவி ஆசிரியரிடம் பாடம். அந்த மென்பொருள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைத் திணிக்கவில்லை. பிள்ளை நாலாம் வகுப்பு நிலையில் இருந்தால் அங்கிருந்தே ஆரம்பித்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்திப் பாடத்திலும் நல்ல முன்னேற்றம்.

இரண்டு இடத்திலும் இருந்தது கம்ப்யூட்டர்தான். டெல்லியில் கூடுதலாக ஓர் இடம் இருந்தது, ஒரு நேரம் இருந்தது, பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

கொரோனாவும் நமக்கு இதையே சொல்லிக்கொடுத்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, புத்தகத்தில் கியூஆர் கோடு இருந்தது, வாட்ஸ்அப் இருந்தது. இருந்தும் பிள்ளைகள் எழுத்தையே மறந்து வந்தார்கள். பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தது. தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள், அதிலும் பெரும்பாலும் நம்ம வீட்டுப் பெண்கள், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. இந்தப் பெருமை எந்தச் செயலிக்கும் கிடையாது, அந்த அக்காக்களுக்குத்தான்.

சரி, அப்படியானால் டிஜிட்டல் கருவியால் நம்ம பகுதிக்கு என்னதான் லாபம்? ரொம்பப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. அது மொழி.

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. நம்ம பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் குடும்பங்கள் இன்று நம்ம அக்கம்பக்கத்துக்காரர்கள். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு மழைக்காலம் முடிந்து ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, வெயில் முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒடியாப் பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த நல்ல முயற்சியும் இதே மாவட்டத்தில் நடந்திருக்கிறது. அதைத் தொடர ஆள் கிடைப்பதும் புத்தகம் கிடைப்பதும்தான் கஷ்டம்.

இன்றைக்கு தீக்ஷா தளத்தில் ஒடியாவிலும் தெலுங்கிலும் இந்தியிலும் பாடப்புத்தகங்கள் இருக்கின்றன. சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் பத்து டேப்லெட் இருந்தால், அந்தப் பிள்ளை தன் ஊர்ப் புத்தகத்தை இங்கேயே திறக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து தமிழும் கற்கலாம். ஜூனில் ஊர் திரும்பும்போது ஒரு வருஷப் படிப்பைத் தொலைத்திருக்காது. சூளைத் தொழிலாளியிடம் "போன் வாங்கிக் கொடு" என்று சொல்லி இதைச் சாதிக்க முடியுமா? பள்ளியால்தான் முடியும்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் போனும் டேப்லெட்டும் பாடம் நடத்தவா, டேட்டா ஏற்றவா? வருகைப் பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், எமிஸில் ஏற்ற வேண்டிய விவரமோ முடிவே இல்லாமல். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் காத்துக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்காக இதைச் சொல்லிவருகின்றன. சுமார் 80 ஆயிரம் ஆசிரியர்களுக்கு டேப்லெட், 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் என்ற திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால் அந்த டேப்லெட் இன்னொரு பதிவேடாக மாறினால் பிள்ளைக்கு என்ன பயன்?

அடுத்து பணம். 30க்கு மேல் 100 வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷத்துக்குக் கிடைக்கும் மானியம் 25 ஆயிரம் ரூபாய். சின்னச் சின்ன ரிப்பேர் முதல் அன்றாடச் செலவு வரை அதற்குள்தான். அந்தத் திட்டத்திலும் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஸ்மார்ட் போர்டு கெட்டுப்போனால் தலைமையாசிரியர் எந்தப் பணத்தில் சரிசெய்வார்?

நம்மைச் சுற்றி இத்தனை ஆலைகள் இருக்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடு என்றும் சொல்கிறது. ஒரு டிவியை மாட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போவதோடு அந்தக் கடமை முடியக் கூடாது. நம்ம காற்றையும் தண்ணீரையும் பயன்படுத்தும் ஆலைகளிடம் நம்ம பள்ளிக்குக் கேட்பது பிச்சை இல்லை, உரிமை.

ஆகவே நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் ஐந்து:

1. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு வாட்ஸ்அப் மூலம் மட்டும் வீட்டுப்பாடம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கட்டாயமான எதுவும் கரும்பலகையிலும் நோட்டிலும் இருக்கட்டும். போனில் வருவது கூடுதல் உதவியாக மட்டும் இருக்கட்டும்.

2. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், எல்லாபுரம் ஒன்றியங்களில் தொடங்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு வகுப்புக்குப் போதுமான டேப்லெட் வேண்டும். பள்ளியிலேயே சார்ஜ் ஏறி, பள்ளியிலேயே பூட்டி வைக்கப்பட வேண்டும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் தன்னார்வலர் பொறுப்பில் அந்த அறை திறந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அது பாதுகாப்பான இடமும் ஆகும்.

3. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அவர்கள் தாய்மொழிப் பாடமும் தமிழும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

4. கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே குறைந்தது மூன்று வருஷப் பராமரிப்பு எழுதப்பட வேண்டும். கம்பெனி கொடுக்கும் கருவிக்கும் இதே விதி வேண்டும்.

5. விவரம் பதிவேற்றும் வேலைக்குத் தனி ஆள் போட வேண்டும். ஆசிரியரை வகுப்பறைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

"போனைக் கொடுத்தால் பிள்ளை ரீல்ஸ்தானே பார்க்குது?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. உண்மைதான். 2024 அசர் அறிக்கையில், போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக வலைத்தளத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். கருவி பள்ளியில், ஆசிரியர் கண்முன்னால் இருக்கட்டும் என்று நாங்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெற்றோர்களே, ஒரு வேலை உங்களிடமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: நம்ம பள்ளிக்கு எத்தனை கருவி வந்தது? அதில் இன்று எத்தனை ஓடுது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளை கைக்கு வருது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வரும் கிராம சபையில் அதையே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கூட்டத்துக்கு எங்கள் தோழர்களும் வருவார்கள், உங்களோடு நிற்பார்கள்.

உங்க ஊர்ப் பள்ளியில் நிலைமை என்ன என்று எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளை பெயரோ போட்டோவோ வேண்டாம். ஊர் பெயரும், ஓடும் கருவி எத்தனை, ஓடாத கருவி எத்தனை என்பதும் போதும். ஒன்றியவாரியாகத் தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுப்போம்.

#கருவி_பள்ளிக்குச்_சொந்தம்
#கும்மிடிப்பூண்டி #திருவள்ளூர் #அரசுப்பள்ளி