நாலு பக்கத் தளத்துக்கு எதுக்குய்யா யானை?

ஒரு வாரம் புடுங்கின ஆணியெல்லாம் மறந்து ஞாயித்துக்கிழமையாவது பத்து மணி வரை தூங்கலாம்னு பார்த்தா, ஏழரைக்கே கதவு தட்டற சத்தம். கீழ்வீட்டு காகா. புனேவில் தெற்கிலிருந்து வந்த எவனும் 'அண்ணா'தான். எழுபதை நெருங்கும் அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை காகா என்பேன். பதினாறு வருஷமாக முறை யாருக்கும் இடிக்கவில்லை.

போசரியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். "அண்ணா, என் கம்பெனி பேரைத் தேடினா சீன எழுத்தா வருது" என்றார்.

சீனம் இல்லை, ஜப்பான். புஷ் கடைந்து கொடுக்கிற பட்டறையின் பேரில் கைப்பையும் கைக்கடிகாரமும் விற்கிற பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. முகவரியை நேராகத் தட்டினால் மட்டும் தளம் சமர்த்துப் பிள்ளையாகத் திறக்கிறது. கூகுளின் உதவிப் பக்கங்களிலேயே 'ஜப்பானியக் குறிச்சொல் ஹேக்' என்று இதற்குப் பேர் உண்டு. தேடுபொறிக்கு ஒரு முகம், சொந்தக்காரருக்கு ஒரு முகம். அதனால்தான் அவருக்கு மாசக்கணக்கில் தெரியவில்லை. தெரிய வைத்தது ஒரு பெரிய கம்பெனியின் பர்சேஸ் ஆள். இந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு, காகாவின் வெண்டார் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார். எட்டுப் பேர் சம்பளம் அந்த ஆர்டரை நம்பி இருக்கிறது.

நல்லவேளையாக டொமைனும் ஹோஸ்டிங்கும் காகா பேரிலேயே இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தேன். தளம் 2019-இல் கட்டியது. மொத்தம் நாலு பக்கம்: முகப்பு, நாங்கள் யார், எந்திரங்கள், தொடர்புக்கு. இந்த நாலு பக்கத்தைத் தாங்க ஒரு வேர்ட்பிரஸ், 23 ப்ளகின், காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய திருட்டுத் தீம். சர்வரில் பிஎச்பி 7.4. அதற்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்தாகிவிட்டது. புதுசுக்கு மாற்றினால் தீம் விழுந்து வெள்ளைத் திரைதான் வருகிறது. ஆறு பக்கமும் அடைச்சாச்சு!

தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. அவரைக் கிழிகிழியென்று கிழித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி போனதும் கை நின்றுவிட்டது. 2009-இல் பொட்டி தட்டற வேலை போதாதென்று நானும் வார இறுதிகளில் இதே வியாபாரம் பார்த்தவன்தான். ஜூம்லா 1.5-ஐப் போட்டு ஏழெட்டுப் பேருக்குத் தளம் கட்டிக் கொடுத்தேன். 2012-இல் அந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்தபோது அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுச் சொன்னேனா? இல்லை. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, வேலை மாறி... சரி விடுங்க, சாக்கு எதற்கு.

அதனால் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். மாற்றமே இல்லாத நாலு பக்கத்துக்கு சி.எம்.எஸ். போட்டு விற்பது மோசடி. வேண்டுமென்றே செய்கிறோமோ இல்லையோ, மோசடிதான். சுவரில் மாட்ட ஒரு யானைப் படம் கேட்டவனுக்கு நிஜ யானையைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டு, தீனிக் கணக்கைச் சொல்லாமல் நழுவுகிறோம்.

தீனி என்றால் என்னவென்று விற்கும்போது யாரும் சொல்வதில்லை. ஹெச்டிஎம்எல் பக்கம் என்பது வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு. கேட்டால் சர்வர் அப்படியே எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். சி.எம்.எஸ். அப்படியில்லை. ஒருவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பிஎச்பி ஓடி, டேட்டாபேசைக் கேட்டு, தீமை மாட்டி, 23 ப்ளகினையும் எழுப்பிப் பக்கத்தைச் சமைக்கிறது. கேஷ் போட்டால் சமையல் குறையும், சமையலறை போகாது. ப்ளகின் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது. லாகின் பக்கம் ஊருக்கே தெரிந்த முகவரியில் இருக்கிறது. ராப்பகலாக ஏதாவது ஒரு பாட் வந்து கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் பட்டறை சின்னது என்று அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் கவலையில்லை. அதற்கு வேண்டியது ஒரு சர்வர், ஒரு நல்ல பேர்.

இதில் ஒரு ஓட்டை வெளியே வந்தால் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டையையும் அதற்கான ஒட்டையும் சேர்த்தே அறிவித்தார்கள். நம்ம நேரப்படி இரவு ஒன்பதரை. இரண்டு வாரம் கழித்து அதே ட்ரூபல் பாதுகாப்புக் குழு சொன்னது: அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் ஒட்டுப் போடாத தளமெல்லாம் உடைக்கப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது விடியக்காலை நாலரை. காகா மாதிரி ஒருவர் ராத்திரி சாப்பிட்டுப் படுத்து எழுந்திருப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"அதான் தானே அப்டேட் ஆகுதே"ன்னு ஒரு கோஷ்டி வரும். வரட்டும். வேர்ட்பிரஸ் 2013 முதல் சின்னத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது, 2020 முதல் ப்ளகின்களுக்கும் அந்த வசதி உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் திருட்டுத் தீமுக்கு அப்டேட் எங்கிருந்து வரும்? காசு கொடுத்து வாங்கின தீமோ, ஒழுங்கான ப்ளகினோ கூட நாளைக்குக் கைமாறலாம். 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்று ஒரு ப்ளகின், சுமார் 2,00,000 தளங்களில் இருந்தது. 2017-இல் எழுதியவர் அதை விற்றார். வாங்கினவன் அப்டேட்டுக்குள்ளேயே பின்வாசல் வைத்து அனுப்பினான். அப்டேட் செய்யாதவன் தப்பித்தான், பொறுப்பாகச் செய்தவன் மாட்டினான். என்ன கொடுமை சார் இது!

அடுத்து நம்ம ஆட்கள் வழக்கமாக விடுகிற டயலாக்: "நீங்களே மாத்திக்கலாம் சார், யாரையும் நம்பி இருக்க வேண்டாம்." இதைக் கேட்டுத்தான் காகாவும் காசை எண்ணி வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தளத்தில் நடந்த மாற்றத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, தொலைபேசி எண். அதையும் அவர் மாற்றவில்லை, அவர் மகள் மாற்றியிருக்கிறாள்.

சி.எம்.எஸ்.ஸே கூடாது என்று நான் சொல்வதாக ஆரம்பிக்காதீர்கள். 2003-இல் வேர்ட்பிரஸ் பிறந்ததே தினமும் எழுதுகிறவனுக்காக. பத்திரிகை, கல்லூரி, தினம் சரக்கு மாறுகிற கடை, இவர்களுக்கெல்லாம் யானை வேண்டும். பாகனுக்கும் சம்பளம் கொடுப்பார்கள். அப்படியும் சின்ன ஆளுக்குத்தான் யானை வேண்டுமென்றால், மாசம் இவ்வளவு தீனி, வருஷம் இவ்வளவு பாகன் கூலி என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு விற்கட்டும். எழுதிக் கொடுக்க மாட்டோம். ஏனென்றால் அந்தத் தொகையைப் பார்த்தால் ஆள் ஓடிவிடுவான். ரெடிமேட் தீமில் லோகோவை மாற்றி அரை நாளில் முடித்து, பதினஞ்சு நாள் வேலை என்று பில் போடுகிற சுகமும் போய்விடும்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நாலு ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றினேன். டேட்டாபேஸ் இல்லை, லாகின் இல்லை. கூகுள் சர்ச் கன்சோலில் யாரோ புதுசாகச் சொந்தம் கொண்டாடிச் சேர்ந்திருந்தான், அவனையும் கழற்றிவிட்டேன்.

காகா யோசனையோடு கேட்டார். "அப்போ இனிமே நானே மாத்த முடியாதா அண்ணா?"

"ஒரு மாடி ஏறி வாங்க காகா. டீ ஆறதுக்குள்ள மாத்தித் தர்றேன்."

நேற்று வந்தார். புதுசாக வாங்கின எந்திரத்தின் போட்டோவோடு. ஜப்பான் கைப்பைகள் தேடலில் இன்னும் பாதி மிச்சம் இருக்கின்றன. பர்சேஸ் ஆள் இன்னும் கூப்பிடவில்லை.