பழைய எடை எங்கே ஓடிவிடும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் மூன்று மாதம் கழித்து ஜிம்முக்குத் திரும்புகிறார் என்று வையுங்கள். முதல் நாளே பழைய எடைதான் வேண்டும்! தசைக்குப் பழைய பலம் சீக்கிரம் வந்துவிடும். தசைநாண் தேற நாளாகும். பகல் தூக்கமோ அரைகுறை. இரண்டே வாரத்தில் அசதி, எரிச்சல், தூக்கிய எடையும் ஏறாது. 'உழைப்பு போதவில்லை' என்று இன்னும் இரண்டு செட் கூட்டுவார். அங்கேதான் தப்பு. அப்போது வேண்டியது ஓய்வு. பாதி எடையில் ஆரம்பித்தால் கௌரவமா குறைந்துவிடும்?

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தூக்கியது மொத்தம் 328 கிலோ. தொடைக் காயத்துக்குப் பிறகு, 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோதான். இரண்டுமே தங்கம்! அதுவும் தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சியை அவர் எடுக்கவே இல்லை.