தோலைத் தரம் பிரிக்கும் ஏஐ: ஆம்பூருக்குப் பொது மையம் ஏன் வேணும்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் ஒரு தோலுக்கு என்ன விலை என்பது அதன் தரத்தைப் பொறுத்தது. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு... இதையெல்லாம் அனுபவசாலிகள் கண்ணாலேயே பார்த்துத் தரம் பிரிப்பாங்க.

ஏஐ எப்படிச் செய்யும்?

தோலை கேமரா படம் எடுக்கும்; மென்பொருள் குறைகளைக் கண்டுபிடிக்கும். ஆனா, அந்த அனுபவசாலிகள் குறிச்சுக் கொடுத்த படங்களைப் பார்த்துத்தான் அது கத்துக்கும்.

சிக்கல் எங்கே?

மெஷின் வாங்கும் வசதி பெரிய ஏற்றுமதியாளருக்குத்தான் இருக்கும். சின்ன டேனரி அனுப்பிய தோலுக்கு 'மூணாம் தரம்'னு திரையில் வந்தா, ஏன்னு யாரைக் கேட்பது? வெளிநாட்டு மாட்டுத்தோல் படங்களில் பழகிய மென்பொருள், நம்ம ஊர் ஆட்டுத்தோலைத் தப்பா மதிப்பிடவும் வாய்ப்பு உண்டு.

என்ன வழி?

இந்தப் பகுதிக்கு வழி ஏற்கெனவே தெரியும். தனியா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத சின்ன டேனரிகள், சேர்ந்து பொது நிலையம் அமைச்சாங்க. ஆனா பாலாறு கெட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் கண்டிக்கும் நிலை வரை போனது.

இந்த முறை முன்கூட்டியே செய்யலாம். சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. வேலூரில் பொறியியல் மாணவர்கள் இருக்காங்க. எல்லா டேனரிக்கும் பொதுவான ஏஐ தர மையம் அமைக்கணும். தரம் பிரிக்கிறவங்களே அங்கே பயிற்றுநர் ஆகணும். தரத்தோடு காரணமும் படமும் டேனரிக்காரர் போனுக்கு வரணும். காரணம் தெரியாத விலையை ஏத்துக்கச் சொல்வது நியாயம் இல்லை.