கோபத்தோடுதான் திரும்பிப் பார்ப்போம்!

2017 மே 22 இரவு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பெரிய அரங்கில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் கச்சேரி முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முகப்பு மண்டபத்தில் ஒருவன் வெடிகுண்டை வெடித்தான். 22 பேர் மாண்டனர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் காத்திருந்த பெற்றோர் சிலரும் செத்து விழுந்தனர். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. கொடுமை, படுகொலை.

மான்செஸ்டர் நமக்கு அன்னியமான ஊரல்ல. பஞ்சாலைத் தொழில் பிறந்து வளர்ந்த ஊர். அந்த வட்டாரத்து ஆலைத் துணி வந்து குவிந்துதான் நம் நெசவாளியின் தறி நின்றது. துணி நெய்த அவ்வூர்த் தொழிலாளியும் சுகப்பட்டுவிடவில்லை. 1819 ஆகஸ்ட் 16ல், செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய ஆண்களையும் பெண்களையும் குதிரைப் படை வெட்டிச் சாய்த்தது. ஆகவே அந்த ஊர் அழுதபோது அது ஏன் அழுதது, யார் அதை அழவிட்டார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

குண்டு வெடித்த மூன்றாம் நாள் செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் மக்கள் மௌன அஞ்சலி செலுத்தினர். மௌனம் முடிந்ததும் ஒரு பெண் ஒரு பாட்டைத் தொடங்கினார். கூட்டமே சேர்ந்து பாடியது. அது அவ்வூர் ஒயாசிஸ் கோஷ்டி 1996ல் வெளியிட்ட ராக் பாட்டு. 'கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே' என்பது அதன் தலைப்புக்குப் பொருள். ஜூன் 4ல் ஓல்ட் டிராஃபோர்ட் கிரிக்கெட் மைதானத்தில் சுமார் 50 ஆயிரம் பேர் நடுவே கிராண்டே திரும்ப வந்து பாடினார். பல பாடகர்கள் சேர்ந்தனர். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதி ஒரு கோடி பவுனைத் தாண்டியது.

அந்தப் பெண்ணையோ, அந்தப் பாட்டையோ, காசு கொடுத்தவரையோ நாம் குறை சொல்லவில்லை. துக்க வீட்டில் ஒப்பாரி வைக்காத ஜனம் ஏது? பயந்து வீட்டுக்குள் முடங்காமல் தெருவில் கூடிப் பாடியது வீரம்தான். நம் சண்டை அவர்களோடு அல்ல. அந்தத் தலைப்பையே உபதேசமாக்கி, 'கோபப்படாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், பாடிவிட்டுக் கலையுங்கள்' என்று சொல்ல நினைத்த பெரிய மனிதர்களோடுதான் நம் சண்டை.

மாண்டவரின் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. பகிரங்க விசாரணை நடந்தது. வெளிவந்தது என்ன?

2021 ஜூனில் முதல் அறிக்கை: கொலைகாரன் காமிராவின் கண்ணுக்கு எட்டாத மூலையில் பதுங்கியிருந்தான். பொதுஜனத்தில் ஒருவர் சந்தேகப்பட்டுக் காவலாளிக்குச் சொன்னார். சேதி கட்டுப்பாட்டு அறையை எட்டவில்லை. முகப்பில் அந்த நேரம் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. அரங்க முதலாளி, காவல் கம்பெனி, ரயில்வே போலீஸ் ஆகிய மூவர் மீதும் குற்றம் விழுந்தது.

2022 நவம்பரில் இரண்டாம் அறிக்கை: தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அடிபட்டவர் கிடந்த மண்டபத்துக்குள் நுழைந்த ஆம்புலன்ஸ் ஊழியர் மூன்றே பேர்.

2023 மார்ச்சில் மூன்றாம் அறிக்கை: தாக்குதலைத் தடுத்திருக்கக்கூடிய முக்கியமான சந்தர்ப்பத்தை உளவு இலாகா நழுவவிட்டது.

கோபத்தோடு திரும்பிப் பார்த்திராவிட்டால் இதில் ஒன்றாவது வெளியே வந்திருக்குமா?

சரி, பாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒயாசிஸின் அண்ணன் தம்பிகள் நோயல், லியம் கல்லாகர். 2009லேயே சண்டையிட்டுப் பிரிந்தவர்கள். அஞ்சலி மேடைக்குத் தம்பி வந்தார், அண்ணன் வரவில்லை. மறுநாளே தம்பி அண்ணனைப் பகிரங்கமாக ஏசினார். ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. 22 பிணங்களின் சேதி பின்னால் போயிற்று, அண்ணன் தம்பி சேதி முன்னால் வந்தது!

இந்த வியாபாரம் புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 14ல் ஒயாசிஸும் ப்ளர் கோஷ்டியும் ஒரே நாளில் இசைத்தட்டு வெளியிட்டன. வடக்கத்தி உழைப்பாளிக்கும் தெற்கத்தி மத்தியதர வர்க்கத்துக்கும் யுத்தம் என்று பத்திரிகைகள் முழங்கின. ப்ளர் 2,74,000 விற்றது, ஒயாசிஸ் 2,16,000 விற்றது. ஜெயித்தது யார்? ப்ளரின் தட்டு இ.எம்.ஐ. ஏகபோகத்துடையது. ஒயாசிஸின் கம்பெனியில் 49 சதவிகிதம் சோனியுடையது. இளைஞர்கள் கட்சி கட்டி மோதினார்கள், கல்லா இரண்டு பக்கமும் நிரம்பியது. இதற்கு வர்க்கப் போர் என்று பெயரா?

2024ல் அதே அண்ணன் தம்பிகள் மறுபடி சேர்ந்தார்கள். சுமார் 150 பவுன் என்று சொல்லப்பட்ட டிக்கெட்டை, மணிக்கணக்கில் காத்திருந்த ரசிகனுக்கு 355 பவுன் என்று காட்டினார்கள். சர்க்காரின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு இலாகாவே விசாரிக்க வேண்டியதாயிற்று. அண்ணன் கட்சி, தம்பி கட்சி என்று அடித்துக்கொண்டவன் கையில் மிஞ்சியது வெறும் பை!

இன்னொரு வகையும் உண்டு. அதே ஊர்க்காரர் மாரிஸ்ஸி என்ற பாடகர் கோபப்பட்டார். பிரதமரையும் மேயரையும் சாடினார். ஆனால் குடியேற்றக் கொள்கையை இழுத்தார். அந்தக் கொலைகாரன் மான்செஸ்டரிலேயே பிறந்தவன்! அவனுடைய பெற்றோர் நாடான லிபியாவின் மீது 2011ல் குண்டு போட்டவர்களில் பிரிட்டிஷ் சர்க்காரும் ஒன்று. போரைப் பற்றிக் கேட்க வேண்டிய வாய், பக்கத்து வீட்டு ஏழைக் குடியேறியைக் காட்டினால் லாபம் யாருக்கு? கோபம் மட்டும் போதாது. அதற்குக் கண் வேண்டும்.

கண்ணுள்ள கோபத்துக்கும் அதே நாட்டில் சரித்திரம் உண்டு. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் என்ற பெரிய ராக் கலைஞர் அன்னியரே வெளியேறுங்கள் என்று பேசினார். கறுப்பு மக்களின் இசையை வாசித்துச் சம்பாதித்தவர் அவர்! அதற்குப் பதிலாக 'இனவெறிக்கு எதிராக ராக்' இயக்கம் எழுந்தது. 1978 ஏப்ரல் 30ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அங்கே வெள்ளை இளைஞரின் கிளாஷ் கோஷ்டியும் கறுப்பு இளைஞரின் ஸ்டீல் பல்ஸ் கோஷ்டியும் ஒரே மேடையில் வாசித்தன. தனித்தனிக் கோஷ்டிகளின் ரசிகர்கள் ஒரே அணியாக நின்றார்கள்.

தோழர்களே! பாட்டு அழ வைக்கட்டும், ஆறுதல் சொல்லட்டும். கச்சேரி முடிந்தபின் கேள்வி கேட்பவனை அது தடுக்கக் கூடாது. உன் பாட்டுக்காரன் பெரியவனா, என் பாட்டுக்காரன் பெரியவனா என்று ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நம் தம்பிகளும் இதை யோசிக்கட்டும். தட்டு விற்பவன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறான். செத்தவருக்கு நாம் செலுத்தும் கடன் கண்ணீரோடு தீராது. காவல் ஏன் தவறியது, உதவி ஏன் தாமதித்தது, போரை யார் மூட்டியது என்று கேட்டுப் பதில் வாங்கும்வரை கோபத்தோடுதான் திரும்பிப் பார்ப்போம்.